படத்தை எங்கே கீறுவது? ஒரு சேர்வருக்கு 12 திரை பூட்டுவதற்கு முன் பார்த்த கணக்கு

எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில், பத்திரிகை வாசிக்கிற மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. உடைந்த கதிரைகள், ஒரு கால் இல்லாத கரம் போட், வாணி விழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பாய்கள். அதைத் துப்பரவாக்கி, 12 பிள்ளைகள் இருந்து படிக்கக்கூடிய கணினி அறையாக்குவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவானது. கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் ஊர்க்காரர் பணம் தருவதாகச் சொன்னார்கள். பணத்தோடு யோசனையும் ஒன்று வந்தது: "பாவித்த கணினி 12 அனுப்பிவிடுகிறோம், நீங்கள் பூட்டினால் சரி."

நான் வேண்டாம் என்றேன். 12 கணினி என்றால் 12 ஹார்ட் டிஸ்க், 12 விசிறி, 12 இடத்தில் அப்டேட். எங்கள் பக்கத்துப் புழுதியும் கடற்காற்று உப்பும் கணினி விசிறியை என்ன பாடுபடுத்தும் என்று பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிழைத்தால் திருத்த இருப்பதும் நான் ஒருவன்தான், அதுவும் ஞாயிறு பின்னேரம் மட்டும். அதைவிட நல்ல சேர்வர் ஒன்றை, அதாவது எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினி ஒன்றை வாங்கி, லினக்ஸ் இயங்குதளம் போட்டு, பிள்ளைக்கு ஒரு பயனர் கணக்குத் திறந்து, மேசைக்கு மேசை ஒரு திரை வைத்தால் நான் பார்க்கவேண்டியது ஒரே ஒரு பெட்டியை. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பாவிப்பது லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யுனிக்ஸுக்கு 1970களிலிருந்தே கைவந்த வேலை. லினக்ஸுக்கும் அது பரம்பரைச் சொத்து. அந்தப் பக்கத்தில் எனக்குக் கவலை இருக்கவில்லை.

திரைதான் பிரச்சினை. எந்தத் திரை, அதற்குள் வரும் படத்தை யார் கீறுவது என்று முடிவெடுக்க நான்கு மாதம் போனது.

முதலில் மலிவானதைப் பார்த்தோம்: எழுத்து மட்டும் காட்டும் டெர்மினல். உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பைதன் மொழியில் நிரல் எழுதிப் பழக இது தாராளம். நெட்வேர்க் பாரம் இல்லை, எந்தக் கிழட்டுப் பெட்டியும் போதும். நிலையத்தின் செயலாளரும் இதைத்தான் விரும்பினார். எழுத்து மட்டும் என்றால் பெடியள் வீடியோ பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

ஆனால் அந்தத் திரையில் "கொக்குவில்" என்று அடித்துப் பாருங்கள். டெர்மினல் என்பது கட்டம் போட்ட கொப்பி மாதிரி. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், இடமிருந்து வலமாக. ஆங்கிலம் அதற்குள் அளவாகப் பொருந்தும். நம்முடைய "கொ"வில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்கவேண்டும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யுனிகோட்டில் இது ககரமும் அதற்குப் பின்னால் வரும் ஒரேயொரு உயிர்க்குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இரு பக்கமும் வைப்பது எழுத்துருவைக் கீறும் மென்பொருளின் வேலை. "கு" இன்னொரு விதம். அங்கே எழுத்தின் உருவமே மாறுகிறது. எக்ஸ்டெர்ம் போன்ற பழைய டெர்மினல்கள் இதையெல்லாம் செய்வதில்லை. லினக்ஸின் வெறும் கொன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவங்கள்தான், அதிலும் சேர்த்துக் கீறும் வேலை கிடையாது. ஆகத் தமிழ் எழுதுகிற பிள்ளைக்குக் கிராபிக்ஸ் என்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் எழுத்தே ஒரு படம்தான். செயலாளரின் யோசனை அன்றோடு போனது.

நிலையத்துக்குத் தினமும் பத்திரிகை பார்க்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் வரைபடக் கலைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் திரையைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தான் முதன்முதலில் பாவித்தது பச்சைத் திரை டெக்ட்ரோனிக்ஸ் டெர்மினல் என்றார். "ஒரு கோடு பிழைச்சால் அந்தக் கோட்டை மட்டும் அழிக்கேலாது தம்பி. முழுப்படமும் பளிச்செண்டு மின்னி அழியும். பிறகு முதலில இருந்து கீறவேணும்."

அவர் சொன்னதை அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குத்தான் மற்றத் தெரிவுகளை எனக்கு விளங்கவைத்தது. 1972இல் வந்த டெக்ட்ரோனிக்ஸ் 4010இன் திரையில் காணக்கூடிய புள்ளிகள் அகலவாட்டில் 1024, உயரவாட்டில் 780. படத்தை நினைவில் வைக்கத் தனியாக மெமரி இல்லை. திரைக்குழாயே கீறிய கோட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கோட்டைத் தனியே அழிக்க முடியவில்லை. டெர்மினலுக்கும் கணினிக்கும் நடுவில் சீரியல் வயர். வினாடிக்கு 9600 பிட் என்றால் சுமார் 960 எழுத்து போகும். அந்தத் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா பச்சையா என்று அனுப்புவதானால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பைட். 104 வினாடி எடுக்கும். ஆனால் அவர்கள் புள்ளிகளை அனுப்பவில்லை. "இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குக் கோடு கீறு" என்றுதான் அனுப்பினார்கள். ஒரு முனைக்கு 4 பைட் போதும். 500 முனையுள்ள ஒரு வரைபடம் 2000 பைட். இரண்டு வினாடியில் முடிந்தது.

கீறும் விதத்தை அனுப்புவதா, கீறி முடித்த படத்தை அனுப்புவதா? 50 வருடமாக இந்தத் துறை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊஞ்சலாடுகிறது. நாங்கள் பார்த்த தெரிவுகளும் அப்படியே.

கீறும் விதத்தை அனுப்பும் கட்சியின் தலைவர் எக்ஸ் விண்டோ, சுருக்கமாக எக்ஸ்: யுனிக்ஸ், லினக்ஸ் நிரல்களுக்குத் திரையில் படம் கீறிக் கொடுக்கும் மென்பொருள். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1987இல் வந்த 11ஆவது பதிப்பின் நெறிமுறைதான், அதாவது நிரலும் திரையும் கதைக்கும் ஒழுங்குதான், இன்றைக்கும் ஓடுகிறது. இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, எல்லோரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். எக்ஸ் சேர்வர் என்பது பிள்ளைக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் ஓடுவது. அது திரையையும் மவுஸையும் வைத்துக்கொண்டு "யாருக்காவது ஏதாவது கீறவேணுமா?" என்று காத்திருக்கும். உள்ளறையில் இருக்கும் பெரிய கணினியில் ஓடும் நிரல்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். 1980களின் கடைசியில் எக்ஸ் டெர்மினல் என்றே தனிப் பெட்டிகள் விற்றார்கள். டிஸ்க் இல்லை, நிரல் இல்லை, கீற மட்டும் தெரியும். எங்களுக்கு வேண்டியது அச்சொட்டாக அதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு பெட்டியில் பூட்டிப் பார்த்தோம். பைதனோடு வரும், நிரல் எழுதும் யன்னலான ஐடில் தண்ணீர் மாதிரி ஓடியது. அது பழைய முறையில் கோடும் எழுத்தும் கேட்டுக் கீறுகிற நிரல். பிறகு ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரைத் திறந்தோம். பக்கத்தை மேலே தள்ளினால் இடியப்பம் பிழிவதுபோல் துண்டு துண்டாக வந்தது. காரணம், இன்றைய நிரல்கள் எக்ஸிடம் "கோடு கீறு" என்று கேட்பதேயில்லை. தாங்களே முழுப் படத்தையும் மெமரியில் கீறி முடித்துவிட்டு, "இந்தா, இதை அப்படியே ஒட்டு" என்று தூக்கிக் கொடுக்கின்றன. ஒரே கணினிக்குள் என்றால் அதுதான் கெதியான வழி. நெட்வேர்க்குக்கு மேலால் என்றால் பெரியவரின் 104 வினாடிக் கணக்கு புதுவேடத்தில் திரும்பி வருகிறது. எங்களிடம் இருந்தவை 1366க்கு 768 புள்ளித் திரைகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத்திரைப் படம் சுமார் 4.2 எம்பி. வினாடிக்கு 25 படம் என்று வீடியோ ஓடினால் 105 எம்பி, அதாவது 840 மெகாபிட்டுக்குக் கிட்ட. ஒரு பிள்ளை முழுத்திரையில் வீடியோ பார்த்தால் ஒரு கிகாபிட் வயர் முழுவதும் அவளுக்கே போய்விடும்.

வேகம் மட்டும் என்றால் எக்ஸை மன்னித்திருப்பேன். அதை விடவைத்தது கரண்ட்.

சேர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டிருந்தோம். பின்னேரம் ஐந்தரை இருக்கும், கரண்ட் போனது. பிள்ளைகளின் திரை அணைந்தது, உள்ளறையில் சேர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பயப்பிடாதேங்கோ, உங்கட வேலை எல்லாம் உள்ளுக்குப் பத்திரமா இருக்கு" என்று நான் பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். ஏழு நிமிடத்தில் கரண்ட் வந்தது. பிள்ளைகள் மறுபடி உள்நுழைந்தார்கள். ஒன்றும் இல்லை. எக்ஸில் கீறுகிற பெட்டி செத்தால், தொடர்பு அறுந்தது என்று சொல்லி நிரல்களும் கூடவே செத்துவிடும். சேர்வர் உயிரோடு இருந்தும் பிரயோசனம் இல்லை. லிப்ரே ஒஃபிஸில் கட்டுரை எழுதியவளுக்குத் தானாகச் சேமித்தது கிடைத்தது, கடைசிப் பத்து நிமிடம் போக. ஐடிலில் சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்த தம்பிக்கு அதுவும் இல்லை. "அண்ணை, பத்திரமா இருக்கெண்டீங்கள்" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்று, பாதுகாப்பு. ஒரு திரையோடு தொடர்புகொண்ட நிரல் எதுவும் அந்தத் திரையில் அடிக்கப்படும் விசைகளை எல்லாம் ஒட்டுக்கேட்கலாம். எக்ஸின் அடிப்படை அமைப்பே அப்படி. எக்ஸ்ஹோஸ்ட் என்ற கட்டளைக்குப் பின்னால் ஒரு சகக்குறியைப் போட்டுவிட்டால் வீட்டுப் படலையைத் திறந்துவிட்ட மாதிரி, யாரும் உள்ளே வரலாம். இணையத்தில் பிழைதிருத்தக் குறிப்புகள் பாதி அதைத்தான் செய்யச் சொல்கின்றன. தொலைவிலிருந்து உள்நுழையும் எக்ஸ்டிஎம்சிபி முறையில் கடவுச்சொல்லே மறைகுறியாக்கம் இல்லாமல் வயரில் போகிறது. 16 வயதுப் பெடியள் 12 பேர் இருக்கும் அறையில் இது வேண்டாத வேலை. மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் ஊடாகக் கொண்டுபோனால் வயரில் வெளியே தெரியும் பிரச்சினை தீரும். கரண்ட் பிரச்சினை தீராது.

அப்புறம் எதிர்க்கட்சி: கீறி முடித்த படத்தை அனுப்புவது. ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் விஎன்சி, எக்ஸ்ஆர்டிபி எல்லாம் இந்த வகை. இதில் பிள்ளையின் திரை முழுவதும் சேர்வரின் மெமரிக்குள்ளேயே கீறப்படுகிறது. மேசையில் இருக்கும் பெட்டி அதை ஒரு யன்னலூடாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். மாறிய பகுதி மட்டும் சுருக்கப்பட்டு வயரில் வருகிறது. யன்னல் உடைந்தாலும் அறைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். கரண்ட் போய் வந்தால், உள்நுழைந்த உடனே கேர்சர் விட்ட இடத்திலேயே மின்னிக்கொண்டிருக்கும். இதை அந்தத் தம்பிக்குக் காட்டுவதற்காகவே பெட்டியின் பிளக்கை அவன் முன்னால் கழற்றிப் பூட்டினேன். முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

குறை இல்லாமல் இல்லை. சுருக்கும் வேலையைச் சேர்வர்தான் செய்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் அதன் விசிறி இரையத் தொடங்கும். ஒலிக்குத் தனியாக ஒரு மொடியூல் போடவேண்டியிருந்தது. தமிழ் விசைப்பலகை இன்னொரு தலையிடி. ரெங்கநாதன் என்ற தமிழ் விசையமைப்பைச் சேர்வர் பக்கத்தில் ஓடவிடவேண்டும், மேசைப் பெட்டியில் ஆங்கிலத்திலேயே விடவேண்டும். இரண்டு பக்கமும் போட்டால் இரண்டு பேர் ஒரு வண்டியை ஓட்டுவது மாதிரித்தான். என்ன எழுத்து வரும் என்று கடவுளுக்கே தெரியாது.

இருக்கும் வேலை சாகாது என்பதே இன்னொரு விதத்தில் தொல்லை. பிள்ளைகள் வெளியேறாமல் பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிறு வந்து பார்த்தேன், அறையில் ஒருவரும் இல்லை, சேர்வரில் 20க்கு மேற்பட்ட திரைகள் திறந்திருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபயர்ஃபொக்ஸ். மெமரி விளிம்புவரை நிரம்பியிருந்தது. இரவு 11 மணிக்குத் தொடர்பில்லாத திரைகளைத் துடைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டபிறகுதான் நிம்மதி. (ஒருவருடைய கடவுச்சொல் தெரிந்தால் இன்னொரு மேசையிலிருந்து உள்நுழைந்து அவருடைய திரையைப் பறிக்கலாம் என்பதைப் பெடியள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கு ஸ்கிரிப்ட் கிடையாது.)

மூன்றாவது வழியை மல்டிசீட் என்பார்கள். ஒரு கணினிக்குள் மூன்று நான்கு கிராபிக்ஸ் காட்டைச் செருகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மொனிட்டர், ஒரு கீபோர்ட், ஒரு மவுஸ். இன்றைய லினக்ஸில் எந்தக் கருவி எந்த இருக்கைக்கு என்று சொல்லிவிட்டால் மற்றதை லினக்ஸோடு வரும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நெட்வேர்க்கே இல்லை, படம் நேரே மொனிட்டருக்குப் போகிறது, வீடியோ வெண்ணெய் மாதிரி. நான்கு பிள்ளைகள் என்றால் இதைத்தான் செய்திருப்பேன். எங்கள் அறை நீளமானது. யுஎஸ்பி 2.0 வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. மொனிட்டர் வயரும் நீள நீள விலை. 12 இருக்கைக்கு மூன்று கணினி வேண்டும், ஒன்று படுத்தால் நான்கு பிள்ளைகள் எழும்பவேண்டும். கைவிட்டோம்.

நான்காவது, நேர்மையாகச் சொன்னால், பலருக்கு இதுதான் சரிவரும்: எல்டிஎஸ்பி. 1999இல் தொடங்கிய திட்டம். அப்போது அதன் பெட்டிகள் எக்ஸ் டெர்மினல்களே. 2019இல் புதிதாக எழுதப்பட்டபோது போக்கு மாறியது. இப்போது மேசைப் பெட்டி நெட்வேர்க் வழியாகச் சேர்வரிலிருந்து லினக்ஸை இறக்கித் தொடங்குகிறது, நிரல்கள் தன் சொந்த சிபியுவிலும் மெமரியிலும் ஓடுகின்றன, பிள்ளையின் கோப்புகள் மட்டும் சேர்வரில். டிஸ்க் இல்லை; அப்டேட் ஒரே இடத்தில்; வீடியோ மேசையிலேயே விரிகிறது. நான் தேடியது ஏறக்குறைய எல்லாம் இதில் உண்டு. மேசைப் பெட்டி கொஞ்சம் தசைப்பிடிப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதே தசைதான் கரண்டைத் தின்னும். பிளக் கழன்றால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் போகும். கரண்ட் ஒழுங்காக உள்ள ஊரில் இருந்து யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டாம். கரண்ட் இல்லாத 90களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறைதான் நிலையத்தின் நிர்வாக சபையில் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, முழு இலங்கையும் இருண்டது. குரங்கு ஒன்று காரணம் என்றார்கள். இப்போது முன்னேற்றம்தான். ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் முதலில் போவது கரண்ட். அதனால் தலைவர் ஐயா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பற்றரியில எவ்வளவு நேரம் நிக்கும்?"

எங்களிடம் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பற்றரி ஒன்றும் இன்வேட்டரும் இருந்தன. முழுதாக 1200 வாட் மணி. ஈய பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது; 600. இன்வேட்டர் சாப்பிடுவது போக ஒரு 510 என்று வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவிருந்த பாவித்த கணினிகள் ஒவ்வொன்றும் 80 வாட், மொனிட்டர் 18. 12 இருக்கைக்கு 1176, அதோடு சேர்வர் 120. மொத்தம் 1296 வாட். காகிதத்தில் 24 நிமிடத்துக்குக் கிட்ட. அவ்வளவு வேகமாக இழுத்தால் ஈய பற்றரி சொன்னதைக்கூடத் தராது, கால் மணித்தியாலம் நின்றால் புண்ணியம். தின் கிளையன்ட், அதாவது வேலையைச் சேர்வரிடம் விட்டுவிட்டுத் திரையைக் காட்டும் விசிறி இல்லாத சின்னப் பெட்டி, 12 வாட் அளவில் ஓடும். மொனிட்டரோடு 30. 12 இருக்கைக்கு 360, சேர்வரோடு 480 வாட். ஒரு மணித்தியாலம். ஒரு பாடவேளை முழுதாக முடியும்.

இந்தக் கணக்கை நிர்வாக சபைக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எக்ஸ், விஎன்சி என்று நான் கதைத்ததெல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை. 1296உம் 480உம் ஏறின. கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பெரிய கணினி வேண்டாம், கந்தோர்களில் கழித்துவிடும் தின் கிளையன்ட் பெட்டிகள் கிடைத்தால் அனுப்புங்கள் என்று. பதிலுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்: "நல்ல கணினி தாறம் எண்டால் வேண்டாமாம், றவுட்டர் மாதிரி இருக்கிற டப்பா வேணுமாம்." பிறகு அனுப்பும் கூலி எவ்வளவு குறைந்தது என்று பார்த்ததும் மனத்தாங்கல் ஆறியது.

இன்வேட்டர் இருந்தால் பெட்டிகள் அணையாதே, பிறகு எக்ஸ் ஆனாலும் எல்டிஎஸ்பி ஆனாலும் என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டு இன்வேட்டர் கரண்டிலிருந்து பற்றரிக்கு மாறும்போது ஒரு கணம் தாமதிக்கும். 12 பெட்டியில் ஒன்றிரண்டு அந்தக் கணத்தைத் தாங்காமல் மறுபடி தொடங்கும். எது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இருக்கை செத்தாலும் வேலை சாகாத முறைதான் எங்களுக்கு வேண்டும் என்று எக்ஸ்ஆர்டிபியில் நின்றோம்.

பலர் பாவிக்கும் கணினியில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை ஒரு பிள்ளைதான் படிப்பித்தாள். பைதனில் ஒரு பட்டியலுக்குள் எண்களைச் சேர்த்துக்கொண்டே போகும் சுற்று. நிற்கும் நிபந்தனையை எழுத மறந்துவிட்டாள். சேர்வரின் 32 ஜிபி மெமரியும் அரை நிமிடத்தில் முடிந்தது. 12 திரையும் ஒன்றாக உறைந்தன. மவுஸ் அசைந்தது, வேறு ஒன்றும் அசையவில்லை. தனித்தனிக் கணினி என்றால் அவளுடையது மட்டும் உறைந்திருக்கும். அன்றே ஒவ்வொரு பயனருக்கும் 2 ஜிபி மெமரி உச்சவரம்பு போட்டேன். இப்போது அதே பிழையை எழுதினால் எழுதியவரின் நிரல் மட்டும் கொல்லப்படும், பக்கத்து மேசைக்குத் தெரியவும் தெரியாது. திரையைப் பகிர்ந்து கொடுக்கும் எந்த முறைக்கும் இந்த வரம்பு கட்டாயம். முதல் நாளே போடுங்கள், என்னைப் போல் பட்டுத் தெளியவேண்டாம்.

வீடியோவுக்கு ஒரு குறுக்குவழி செய்தோம். தின் கிளையன்ட் பெட்டிக்குள்ளேயும் ஒரு சின்ன லினக்ஸ் இருக்கிறது. தொடங்கும்போது இரண்டே இரண்டு பட்டன்: "வகுப்பு" என்றால் சேர்வரின் திரை, "வீடியோ" என்றால் பெட்டியின் சொந்த பிரவுசர். பாடம் பார்க்க இரண்டாவது, எழுத முதலாவது. பெட்டி தன் பலத்தில் ஓட்டுவதால் 12 பேரும் பார்த்தாலும் சேர்வருக்குச் சூடு ஏறாது. இன்டர்நெட் பக்கேஜ்தான் காலியாகும், அது செயலாளரின் இலாகா.

எதிர்காலம் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸின் இடத்துக்கு வேலண்ட் வந்துகொண்டிருக்கிறது. அதில் நெட்வேர்க்குக்கு மேலால் கீறும் ஏற்பாடு நெறிமுறைக்குள் இல்லை. நிரல் படத்தைத் தானே கீறும், வேலண்ட் ஒட்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 2025இல் வந்த 10ஆவது பதிப்பு எக்ஸ் சேர்வரையே நீக்கிவிட்டது. எங்கள் எக்ஸ்ஆர்டிபியும் உள்ளுக்குள் எக்ஸைத்தான் நம்பி நிற்கிறது. அதனால் சேர்வரில் இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 13ஐயும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ திரைமுகப்பையும் போட்டேன். அங்கே எக்ஸ் இன்னும் இருக்கிறது. சில வருடத்துக்குக் கவலையில்லை. பிறகு வருவது பிறகு.

பெட்டிகள் வந்து பூட்டி முடித்த அன்று அந்தப் பெரியவரை உள்ளே கூப்பிட்டோம். எக்ஸ்டெர்முக்குள் டெக்ட்ரோனிக்ஸ் 4014ஐப் போல் நடிக்கும் ஒரு யன்னல் இன்றைக்கும் ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோல் விசையை அமத்திக்கொண்டு மவுஸின் நடுப் பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் கிடக்கும். வரைபுகள் கீறும் நிரலான நியூபிளொட்டுக்கும் அந்தப் பழைய மொழி தெரியும். ஒரு சைன் அலையைக் கீறிக் காட்டினோம். கிட்ட வந்து பார்த்தார். "ஓம், இதுதான். ஆனால் பச்சையா இல்லையே" என்றார். ஒரு பெடியன் நிறத்தை மாற்றிக் கொடுத்தான்.

வெளிநாட்டுக்காரர் மனம் நோகக்கூடாது என்று பெரிய கணினி இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டோம். ஒன்று முப்பரிமாணப் படம் கீறுபவர்களுக்கு. மற்றது மேசைக்குக் கீழே துணியால் மூடிக் கிடக்கிறது, சேர்வர் ஒருநாள் படுத்தால் அதன் டிஸ்க்கைக் கழற்றி இதில் பூட்ட.